‘அஞ்சு வோல்ட்தானே சார்?’ என்று கேட்பவர்களுக்கு

பார்வையாளர்கள் தொட்டுத் தொட்டுத் தாங்களே இசையமைக்கும் ஒலி நிறுவல்களை அமைத்துக் கொடுப்பதும், மற்றவர்கள் அமைத்ததைச் சோதித்துத் தருவதும் என் தொழில். சமீபத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சி. ஒரு சிறுமி இடது கையில் பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ‘ச’ என்று எழுதியிருந்த அலுமினியத் தாளைத் தொடப் போனாள். தொடுவதற்கு முன்பே வீறிட்டுக் குழாயை உதறினாள். நல்லவேளை, உதற முடிந்தது. குழாயில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் நின்றவர் கேட்டார்: “அஞ்சு வோல்ட்தானே சார், இது எப்படி ஷாக் அடிக்கும்?”

இந்தக் கேள்வியை எத்தனை ஊரில்தான் கேட்பது!

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். இந்த மாதிரி நிறுவல்களில் பெரும்பாலும் மேக்கி மேக்கி என்ற சின்ன மின்னணுப் பலகைதான் இருக்கும். ஒரு கையால் அதன் கிரவுண்டையும் (மின்சுற்றின் திரும்பு முனை), மறு கையால் ஒரு தகட்டையும் தொட்டால், நம் உடல் வழியாகச் சுற்று முழுமையாகும். லேப்டாப் அதை விசையை அழுத்தியதுபோல் எடுத்துக்கொண்டு சுரத்தை ஒலிக்கும். எம்ஐடி மீடியா லேபில் உருவாகி 2012இல் வெளிவந்தது. அதன் உள்ளீடுகளில் 22 மெகா ஓம் மின்தடை இருக்கிறது. லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டில் அதன் வழியே நம் உடலுக்குள் போவது ஒரு மைக்ரோ ஆம்பியரில் கால் பங்குகூட இல்லை. நமக்கு ‘சுருக்’ என்று உறைக்கவே ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர் வேண்டும். ஆக, பலகையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தப் பலகை அந்தரத்தில் நிற்கவில்லையே! குழாய் பலகையின் கிரவுண்டில் இருக்கிறது. அந்தக் கிரவுண்டு யூஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்புக்குப் போகிறது. லேப்டாப்பிலிருந்து ஆடியோ ஒயரின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டிக்குப் போகிறது. குழாயும் அந்தப் பெட்டியும் மின்சாரத்துக்கு ஒன்றுதான். அந்தப் பள்ளியில் ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாரோ கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தார்கள், இரண்டு பின் சாக்கெட்டில் நுழைய வேண்டுமென்று. உள்ளே இன்சுலேஷன் கெட்டு, 230 வோல்ட் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து குழாய்க்கு வந்துவிட்டது. சிறுமி வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கிறாள். வேறென்ன வேண்டும்?

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டோம், பேட்டரியில்தான் ஓடுகிறது என்பார்கள். ஆடியோ ஒயர் செருகியிருக்கும்வரை அதனால் பயனில்லை. பலகையில் ‘எர்த்’ என்று எழுதியிருக்கிறதே என்று அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சுவரின் எர்த் ஓட்டையில் செருகிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு! எர்த்தே சரியாகப் போடாத கட்டடங்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு மாணவனும் அந்த ஓட்டைப் பக்கம் ஒயரைக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்த சமாதானம், “எம்சிபி இருக்கு சார், டிரிப் ஆயிடும்.” ஆகாது. எம்சிபி என்பது மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச், அது ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 6 ஆம்பியர் எம்சிபிக்கு, ஒரு குழந்தையின் உடலில் 50 மில்லி ஆம்பியர் பாய்வது தெரியவே தெரியாது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை இறுகிவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. உங்களுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் வெளியே கசிந்தாலே துண்டிக்கும் சுவிட்ச். அது இருந்தாலும் ஷாக் அடிக்கலாம். ஆனால் கண நேரத்தில் துண்டித்துவிடும்.

எனக்கு இந்த நிறுவல்கள் மிகவும் பிடிக்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களை மட்டும் வைத்துவிட்டால், சங்கீதமே தெரியாதவர் எப்படித் தொட்டாலும் காதுக்கு இதமாக வரும். பத்துப் பிள்ளைகள் கைகோத்து நின்று, கடைசிப் பிள்ளை தகட்டைத் தொட, ஒரு சுரம் எழும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! அத்தனை பேரும் அப்போது ஒரே ஒயர் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மற்ற எல்லா வேலைகளிலும் கம்பியை மூடி வைப்பதுதான் எங்கள் பாடம். இங்கே நாமே உரித்துக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம்.

அதனால் தயவுசெய்து, பார்வையாளர் தொடும் எதையும் சுவர் மின்சாரத்தோடு இணைக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப், பேட்டரியில் ஓடும் புளூடூத் ஸ்பீக்கர், இவை போதும். ஸ்பீக்கருக்கும் ஒயர் வேண்டாம், நடுவில் சார்ஜும் போடாதீர்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், வரட்டும். பெரிய ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் முடியாதென்றால், தகடுகளையும் குழாயையும் விட்டுவிட்டு, கை நிழல் பட்டாலே ஒலிக்கும் ஒளி உணரியை வையுங்கள். தெருவோரக் கடையின் மலிவு சார்ஜரை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதற்குள் 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரிக்க வேண்டிய இடைவெளி ஒழுங்காக இருக்காது. எர்த் பின் நறுக்கிய பிளக் கண்ணில் பட்டால், அன்றே மாற்றுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108.

கண்காட்சி அன்று காலையில், கூட்டம் வருவதற்கு முன்பே, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லையென்றால், எலக்ட்ரீஷியன் வந்து மாற்றும்வரை அரங்கத்தைத் திறக்காதீர்கள், திறப்பு விழாவுக்கு யார் வந்து காத்திருந்தாலும்.