இறக்கப் படியில் முழங்கால் தாங்கும் பாரம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு இறங்க 64 படி. அம்மா பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றித்தான் இறங்குவார். ஏற்றம் பரவாயில்லை, இறக்கத்தில்தான் உயிர் போகிறது என்பார். 35 வருடம் கொழுந்து எடுத்தவர். "மலை ஏறி ஏறிக் கால் தேஞ்சு போச்சு" என்பதுதான் லயத்தில் எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதிதான் உண்மை. மீதி உடல் எடையில் இருக்கிறது.

முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருப்பது குருத்தெலும்பு. பள்ளிக்கூடத்தில் கசியிழையம் என்று படித்திருப்போம். சில மில்லிமீட்டர் தடிப்புத்தான்; அதிலும் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். கொலாஜன் நார் வலைக்குள், நீரை இழுத்துப் பிடிக்கும் புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. உள்ளே நீர் விம்ம, வெளியே வலை இறுக்க, நெருக்கித் திணித்த கொழுந்துச் சாக்கு போல அது விறைத்து நின்று பாரம் தாங்குகிறது.

இதற்கு இரத்தக்குழாய் இல்லை. காலை ஊன்றும்போது நீர் பிதுங்கி வெளியேறும். எடுக்கும்போது மூட்டுத் திரவம் சத்தோடு உள்ளே ஊறும். அளவான நடைதான் அதற்குச் சாப்பாடு. நரம்பும் இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலிக்காது. வலி தெரியும் நேரத்தில் அடியிலுள்ள எலும்பும் மூட்டுச் சவ்வும் கெடத் தொடங்கியிருக்கும்.

சரி, இறக்கம் ஏன் வலிக்கிறது? செயற்கை மூட்டுக்குள் அளவுகருவி வைத்து ஜெர்மனியில் அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழுவது உடல் எடையின் சுமார் 2.6 மடங்கு. படி ஏறினால் 3.2, இறங்கினால் 3.5. மடங்கிய காலோடு உடம்பைத் தாங்கிப் பிடிக்கத் தொடைத்தசை இறுக வேண்டும். அந்த இறுக்கமும் சேர்ந்தே மூட்டை அழுத்துகிறது. 74 கிலோ இருக்கும் அம்மாவுக்கு ஒரு படியில் ஏறக்குறைய 260 கிலோ. கொழுந்துக் கூடையைச் சுமந்த காலத்தில் அந்தப் பாரமும் இதே முழங்காலில்தான் இறங்கியது.

இதையே திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் முழங்கால் தேய்வுள்ள, எடை கூடிய 142 பேரை ஆராய்ந்து 2005இல் சொன்னது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ குறைகிறது. அந்தக் காலால் 1000 அடி வைத்தால் 4000 கிலோ. எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் ஐந்து கிலோ என்பது சின்ன விஷயமல்ல என்று உறைத்தது.

பாரம் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கைவிரல் மூட்டும் கூடுதலாகத் தேய்கிறது. விரலால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு லெப்டின், இன்டர்லூக்கின் 6 போன்ற பொருள்களை இரத்தத்தில் விடுகிறது; அவை மூட்டில் அழற்சியைத் தூண்டி, குருத்தெலும்பு அரிக்கப்படுவதற்குத் துணைபோகின்றன.

எடை குறைந்தால் தேய்ந்தது திரும்ப வளருமா? வளராது. தேய்வின் வேகம் குறையலாம். கலிபோர்னியா ஆய்வாளர்கள் 640 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. படங்களில் 48 மாதங்கள் தொடர்ந்து பார்த்து 2017இல் எழுதினார்கள்: எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களின் குருத்தெலும்பு, எடை மாறாதவர்களுடையதைவிட மெதுவாகக் கெட்டது. 2019இல் அதே குழு இன்னொன்றும் கண்டது. உணவைக் குறைத்தோ, உணவோடு உடற்பயிற்சியும் சேர்த்தோ எடை குறைத்தவர்களிடம் இந்தப் பலன் தெரிந்தது. உடற்பயிற்சியால் மட்டும் குறைத்தவர்களிடம் தெரியவில்லை. அதற்காகப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. தொடைத்தசை பலமாக இருந்தால் வலி குறையும், படியில் கால் தடுமாறாது. பட்டினி கிடந்தால் அந்தத் தசையும் சேர்ந்து கரையும். பருப்பு, முட்டை, நெத்தலி தட்டில் இருக்கட்டும். தோட்டத்தில் மெலிந்து கிடக்கும் பெண்களும் நிறையப் பேர். எடை கூடாதவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

அம்மா வேலையிலிருந்து நின்றதும் நடை நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஆறு கோப்பை. அதிலேயே 280 கலோரிக்கு மேல். அதில்தான் ஆரம்பித்திருக்கிறோம். அப்புறம் ராத்திரி ரொட்டியில் ஒன்றைக் குறைத்து ஒரு முட்டை. கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி காலையிலும் மாலையிலும். எட்டிப் பிடிக்க வேண்டியது ஏழரைக் கிலோ. இதுவரை இரண்டு குறைந்திருக்கிறது.