பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டீர்களா?

ஐம்பதுகளில் இருக்கும் ஓர் அக்கா. நான்கு வருடங்களுக்கு முன்னால், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். செலவில், எடை குறைவதற்கான இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதுவரை சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், அது நின்றது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினார். கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இவரை உட்கார்த்திப் பேசவைக்கலாமா என்று நினைக்கும் அளவுக்கு நன்றாக இருந்தார். போன வாரம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 6.2.

தங்கை மகளின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. அண்ணன் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். வலி மாத்திரை எழுதும் முன்னால் அந்த டாக்டர் கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டிருக்கிறார்: "முந்தி ஏதும் ஒப்பரேஷன் செய்ததோ?"

"பித்தப்பைக் கல்லு எடுத்தது" என்று அக்கா சொல்லிவிட்டார்.

டைக்ளோஃபெனாக், மூன்று வாரம். மலம் தார் மாதிரி கறுத்துப் போனதையும் யாரிடமும் சொல்லவில்லை. லண்டனில் இறங்கி இரண்டாம் நாள் சமையலறையில் மயங்கி விழுந்தார். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால், இரைப்பையும் குடலும் இணைத்துத் தைத்த இடத்தில் பெரிய புண். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை செய்கிற வேலை.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"பக்கத்தில அண்ணா நிண்டவர் தங்கச்சி. என்னெண்டு சொல்லுறது?"

நான் ஒரு டயட்டீஷியன். தமிழ்நாட்டிலிருந்து வந்து, லண்டனில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தமிழ் பேசுகிற நோயாளி என்றால் யார் பட்டியலில் இருந்தாலும் என்னிடம்தான் வந்து சேருவார்கள். (நான் மாத்திரை என்பேன், அவர்கள் குளிசை என்பார்கள். இப்போது நானும் வீட்டில் குளிசை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.) ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பித்தப்பைக் கதையை மாற்றவில்லை, மாற்றவும் தேவையில்லை. எங்கள் கிளினிக்குக்கு வரும் தமிழர்களில் பலர் வீட்டில் சொல்வது அதைத்தான். வேறு சிலருக்கு ஹெர்னியா.

இதை ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் வரும் பதில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். "வாயைக் கட்ட முடியாதவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்." இதை ஒரு நோயாளியின் மாமியார் என் முன்னாலேயே சொன்னார். சரி, இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை குறையும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். 2011இல் மெல்பர்னில் பிரியா சுமித்திரன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இன்னும் ஏறித்தான் இருந்தன, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் இறங்கித்தான் இருந்தன. டயட் முடிந்து ஒரு வருடம் ஆகியும் அவர்கள் ஆரம்பத்தைவிட அதிகப் பசியோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பசியோடு பத்து வருடம், இருபது வருடம் சண்டை போட்டுத் தோற்றவரைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியாதவர் என்கிறோம். எங்கள் பட்டியலில் இருப்பவர்களில் வாயைக் கட்டாதவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சிலர் நூறு கிலோவை மொத்தமாகக் குறைத்திருக்கிறார்கள், இருபது இருபதாக ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது.

அறுவை சிகிச்சை வயிற்றைச் சின்னதாக்குவதோடு நிற்பதில்லை. மேலே சொன்ன அந்த ஹார்மோன் பேச்சையே மாற்றுகிறது. அதனால்தான் பைபாஸ் முடிந்த சில நாட்களிலேயே, எடை பெரிதாக இறங்கும் முன்பே, பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? ஆபரேஷன் டேபிள் வரை வந்து சேரும் பாதையைப் பார்த்தவர்கள் குறுக்குவழி என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பாதையை நான் தினமும் பார்க்கிறேன். பொதுவாக பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் கூடவே சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்ற நோய்கள் இருந்தால் இங்கே பரிந்துரைக்கலாம். ஆனால் தெற்காசியர்களான நமக்கு அந்த எண்ணில் 2.5 குறைத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே சிகிச்சைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு சொல்கிறது, குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு, சர்க்கரை இருந்தால், சுமார் 83 கிலோவிலேயே கதவு திறக்கிறது. சர்க்கரை வந்து பத்து வருடத்துக்குள் இருந்தால் இன்னும் கீழேயும் யோசிக்கலாம். உங்கள் குடும்ப மருத்துவர், அதாவது ஜி.பி., "நீங்கள் அவ்வளவு குண்டில்லை" என்று சொன்னால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கும் எல்லாம் ஞாபகத்தில் இருக்காது.

அப்புறம் காத்திருப்பு. முதலில் எடை மேலாண்மைப் பிரிவு. அங்கே மருத்துவர், டயட்டீஷியன், உளவியலாளர் எல்லாரையும் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அறுவை சிகிச்சைப் பிரிவு, அங்கே இன்னொரு வரிசை. இரண்டையும் சேர்த்து வருடக்கணக்கில் ஆகிறது. அதற்காகக் கோபப்படுங்கள், உங்கள் எம்.பி.க்குக் கடிதம்கூட எழுதுங்கள், நியாயம்தான். ஆனால் எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்காக. இரண்டு வருடம் காத்திருந்த ஒருவர், வந்த கடிதத்தைப் பிரிக்காததால் பட்டியலிலிருந்து கழற்றப்படுவது. அப்பாயின்ட்மென்ட்டுக்கு வராவிட்டால் உங்களைத் திரும்ப ஜி.பி.யிடமே அனுப்பிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால், மகன்தான் தபாலைப் படித்துச் சொல்வான், அவனுக்கு இது தெரியக்கூடாது என்று ஒளித்து வைத்தேன் என்கிறார்கள். கடிதம் துணி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. தேதி போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசம். மகன் தேவையில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்கான உணவு, ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி. இதையும் ரகசியமாகச் செய்கிறார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் சரியாக யாராவது ஒருவரின் சாமத்தியச் சடங்கு வந்துவிடும். சாப்பிடாவிட்டால் கேள்வி வரும், அதனால் சாப்பிட்டுவிடுவார்கள். வீங்கிய கல்லீரல் இரைப்பையை மூடிக்கொண்டு நிற்கும், சர்ஜன் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிட நேரலாம். இதைவிட மோசம், டயட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சர்க்கரை மருந்தை வழக்கம்போலப் போடுவது. இன்சுலின், கிளிக்லசைடு போடுகிறவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும், டாப்பாகிளிஃப்ளோசின் வகையை நிறுத்த வேண்டும். எங்களிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஆன்லைனில் மவுஞ்சாரோ என்ற எடை குறைப்பு ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்ட மாட்டோம். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கலாம், மயக்கம் கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். மயக்க மருத்துவருக்காவது சொல்லிவிடுங்கள்.

இனி, ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு. "அதுதான் முடிஞ்சுதே பிள்ளை, இனி என்னத்துக்குக் குளிசை?" வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்கிறேன். வாழ்நாள் முழுக்க. மறுபடி சொல்கிறேன், வாழ்நாள் முழுக்க. மல்டிவிட்டமின், இரும்பு, கால்சியமும் வைட்டமின் டி-யும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி12 ஊசி. மெல்லுகிற ஜெல்லி மிட்டாய் வடிவத்தில் விற்கிறார்களே, அது கணக்கில் வராது, பெரும்பாலானவற்றில் இரும்பே இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், தேநீரோடும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. இரண்டு வருடம் நாங்கள் பார்ப்போம், அதன் பிறகு ஜி.பி. பார்க்க வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள், எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் நழுவிப் போகிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பின் பி12 இருப்பு மெல்லக் கரையும். பாதம் மரத்துப் போகும்போது வந்தால், போன நரம்பு முழுவதும் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சோறு முதல் சில மாதம் அடைத்துக்கொள்ளும், பலருக்கு. இட்லி போகும், குழைந்த பருப்பு போகும், மீன் நன்றாகவே போகும். விசேஷ வீட்டில் "என்ன கொறிக்கிறாய், நல்லாச் சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி வைப்பவரை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை. மூன்றாம் மாதம் முடி கொட்டும், பிறகு வளரும், அதற்காக அழாதீர்கள். தொங்கும் தோலை வெட்ட என்.எச்.எஸ். பெரும்பாலும் பணம் தராது, அதற்கு வேண்டுமானால் அழலாம்.

விரதம். லண்டன் ஹைகேட் கோயில் முருகன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனாலும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணீர் என்பது உங்களுக்கு இனி வேண்டாம். ஒரு நேரம் உண்டு செய்யும் விரதமும் இருக்கிறதே, அதையும் எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உடம்பில் தயமின் என்ற பி1 சத்து இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் அதுவும் போய்விடும். கண் ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழம்புவது என்றால் மூளை பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம், அதே நிமிடம் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஊரில் வாந்தி என்றதும் குளுக்கோஸ் ஒரு போத்தல் ஏற்றிவிடும் பழக்கம் இருக்கிறது பாருங்கள், அது உங்களைப் போன்றவர்களுக்குத் தயமின் கொடுக்காமல் ஏற்றினால் இருப்பதையும் கெடுத்துவிடும். அந்த டாக்டர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது உங்கள் பித்தப்பை மட்டும்தான்.

இளம்பெண்களே, எடை இறங்கும்போது கருவுறும் வாய்ப்பு சட்டென்று கூடும். 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடுங்கள். பைபாஸ் செய்தவர்கள் அதற்குக் கருத்தடை மாத்திரையை நம்ப வேண்டாம், வேறு வழிகளைக் கேளுங்கள். கர்ப்பமானால் மிட்வைஃபிடம் முதல் நாளே சொல்லுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவர் கொடுக்கும் அந்த இனிப்புக் கரைசல் உங்களுக்குப் படபடத்து வேர்த்து மயங்க வைக்கும். உங்களுக்குப் பரிசோதனையை வேறு விதமாகச் செய்வார்கள். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது, மாமியார்தான் கூட வருகிறார் என்றால், மிட்வைஃபிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், தருவார்கள்.

ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் விஷயம். மாமி, சித்தி, வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நூற்று நாற்பது பேர், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மருந்து எழுதும் கைக்குத் தெரிய வேண்டும். நீங்கள் மயங்கிக் கிடந்தால் பதில் சொல்லப்போகிற ஒருவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன், தயவுசெய்து.

அந்த அக்காவுக்கு ரத்தம் ஏற்றி, புண் ஆறுவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். தேறி வருகிறார். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், பேசாமலே டாக்டரிடம் நீட்டலாம். அவர் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். உங்களுக்கும் உதவுமென்றால் வருடத்தை மாற்றி எழுதிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் காட்டுவதற்கு ஆங்கிலப் பிரதி உங்கள் கிளினிக்கில் கேட்டால் தருவார்கள்.

"எனக்கு 2021இல் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்துகள் வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம். பாராசிட்டமால் தரலாம். தொடர்ந்து வாந்தி என்றால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்கவும். இதைப் பற்றி என் குடும்பத்தாரிடம் பேச வேண்டாம்."