பல்லடுக்குப் பல்லுறுப்பி ஒளிச்சுற்று: சொல்லும் பொருளும்

ஒரே சில்லின் (சிப்) மேல் பாலிமர் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஒளி செல்லும் தடங்களைப் பல தளங்களில் அமைத்து, அவற்றை மேலும் கீழுமாக இணைத்தால் கிடைப்பது பல்லடுக்குப் பல்லுறுப்பி ஒளிச்சுற்று. கோவை, ஈரோடு வட்டாரப் பொறியியல் மாணவர்கள் இதைத் தமிழில் எழுத முனையும்போது பாலிமர், சர்க்யூட் என்னும் இரு சொற்களிலும் தடுமாற நேரும்.

பாலிமர் என்பது ‘பல’, ‘பகுதி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து 1833இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியசு ஆக்கிய சொல். சிறு மூலக்கூறுகள் பிணைந்த நெடுஞ்சங்கிலி என்னும் இன்றைய கருத்தை 1920இல் முன்வைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் எர்மான் ஸ்டாடிங்கர். தமிழில் பலபடி, பல்லுறுப்பி இரண்டும் வழங்கினாலும், பகுதி என்னும் பொருளை நேரே காட்டும் பல்லுறுப்பியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சர்க்யூட் என்பதன் லத்தீன் வேர் ‘சுற்றி வருதல்’ என்னும் பொருளுடையது. மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஸ்டுவர்ட் மில்லர் ‘ஒருங்கிணைந்த ஒளியியல்’ என்னும் கருத்தை முன்வைத்த காலத்திலிருந்து மின்சுற்றின் பெயர்களே இத்துறைக்கும் வந்து சேர்ந்ததால், ஒளிச்சுற்று என்பதை மாற்ற வேண்டியதில்லை.

தடத்துக்குரிய சொல் அலைநடத்தி. ஒளி செல்லும் நடுப்பகுதியான உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் அதைச் சூழ்ந்த உறையினுடையதைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால், முழு அக எதிரொளிப்பால் ஒளி உள்ளேயே நிற்கிறது. ஒரே தளத்தில் இரு தடங்கள் வெட்டிக்கொண்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒளி சிறிது சிதறும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசியவும் செய்யும். கீழ்பவானி வாய்க்கால் ஓடைகளைத் தொட்டிப்பாலத்தில் கடப்பதுபோல, ஒரு தடத்தை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டால் அந்த இழப்பு பெரிதும் குறைகிறது.

இங்கேதான் பல்லுறுப்பியின் அருமை தெரிகிறது. திரவத்தைச் சுழலும் சில்லில் ஊற்றினால் சில மைக்ரோமீட்டர் தடிப்பில் சீரான படலம் பரவும். தடத்தின் வடிவில் மட்டும் ஒளியை விடும் மறைப்புத் தகட்டின் வழியே புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகும். இறுகாததைக் கரைப்பானால் கழுவி, உறைப் படலத்தை மேலே பூசி மட்டப்படுத்தியபின் அடுத்த தளத்தைத் தொடங்கலாம். சிலிக்கா படலத்தை இறுக்க 1000 பாகை செல்சியசு வரைகூட வெப்பம் தேவைப்படுவதுண்டு. பல்லுறுப்பிக்கு அவ்வளவு சூடு வேண்டாம் என்பதால் கீழ்த்தளம் கெடுவதில்லை. தளம் மாற 45 பாகைச் சாய்வுக் கண்ணாடியைச் செதுக்கலாம். அல்லது இரு தடங்களை மிக நெருக்கமாக மேலும் கீழும் ஓடவிட்டால் ஒளி தானே இடைவெளியைத் தாண்டி மாறிக்கொள்ளும்.

குறையும் உண்டு. தொலைத்தொடர்புக்குரிய 1550 நானோமீட்டர் ஒளியைக் கார்பன்–ஐதரசன் பிணைப்புகள் உட்கவர்கின்றன. அதனால்தான் ஐதரசனுக்குப் பதிலாகப் புளோரின் ஏற்றிய பல்லுறுப்பிகளை நாடுகிறார்கள்.