நடுக்கம் நின்ற பிறகு வரும் அவசரம்

பார்க்கின்சன் நோய்க்கு, மூளைக்குள் எலக்ட்ரோடு என்ற மெல்லிய மின்கம்பி வைத்து, பேட்டரிக் கருவியால் மின்துடிப்பு செலுத்துவதுதான் டிபிஎஸ். இந்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் வீட்டார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்தான். நடுக்கம் நிற்குமா, மாத்திரை குறையுமா, பேட்டரி எத்தனை வருஷம் வரும். நோயாளியின் குணத்தில் ஏதாவது மாறுமா என்று கேட்பவர்கள் அபூர்வம். நரம்பியல் பிரிவில் உளவியலாளராக இருப்பதால் அந்தப் பேச்சை நானே எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்ததும் பலருக்கு முகம் சுருங்கும். "எங்க வீட்டுக்காரர் தங்கமானவர் மேடம், அதெல்லாம் வராது" என்பார்கள். தங்கமானவர்களுக்கும் வரும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

பார்க்கின்சன் நோயாளிகளிடம் நான் பார்க்கும் அவசரபுத்தி இரண்டு வகை. முதல் வகை மாத்திரையால் வருவது. இந்த நோயில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட லெவோடோபா கொடுப்போம். அதோடு சிலருக்கு பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, டோபமைன் மாதிரியே வேலை செய்யும் டோபமைன் அகோனிஸ்ட் மாத்திரைகளும் உண்டு. டோபமைன் வறட்சி அதிகம் இருப்பது அசைவைக் கவனிக்கும் பகுதியில்தான். ஆசையையும் இன்பத்தையும் கவனிக்கும் பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அசைவுக்குச் சரியாக இருக்கும் அளவு அங்கே மிகையாகிவிடுகிறது. சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவிப்பது, விடாமல் சாப்பிடுவது, அடங்காத காம இச்சை எல்லாம் இதில் வரும். பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டி, திரும்பவும் பிரித்து மாட்டிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இப்படி ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் 13.6 சதவீதம். அகோனிஸ்ட் எடுப்பவர்களிடம் 17.1, எடுக்காதவர்களிடம் 6.9.

இரண்டாவது வகை மின்தூண்டலால் வருவது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித்தின் குழு 1987இல் இன்றைய டிபிஎஸ்ஸுக்கு வழி திறந்தது. 1990களில் அதே குழு எலக்ட்ரோடுகளை சப்தாலமிக் நியூக்ளியஸ் என்னும் இடத்தில் வைத்துப் பார்த்தது. சில மில்லிமீட்டரே உள்ள இந்தச் சின்ன இடம் மூளையின் பிரேக் மாதிரி. இரண்டு வழிகளில் எது நல்லது என்று உடனே தெரியாதபோது, "பொறு, இப்போதே முடிவெடுக்காதே" என்று ஒரு கணம் நிறுத்திவைப்பது இதன் வேலைகளில் ஒன்று. வினாடிக்குச் சுமார் 130 முறை மின்துடிப்பு செலுத்தும்போது கை கால் இறுக்கம் விடுகிறது. சிலருக்கு அந்த நிறுத்தமும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது.

மைக்கேல் ஃப்ராங்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2007இல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் வைத்து இதைச் சோதித்துக் காட்டியது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கடினமாக இருந்தால் எல்லோரும் சற்றுத் தயங்குவோம். கருவி ஓடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் தயங்கவில்லை, வேகம்தான் கூடியது. மாத்திரை எடுத்தவர்களிடம் தயக்கம் அப்படியே இருந்தது. ஆனால் தோற்ற ஆட்டத்திலிருந்து பாடம் கற்பது குறைந்திருந்தது. மாத்திரை, நஷ்டம் உறைக்காமல் செய்கிறது. மின்தூண்டல், யோசிக்கும் இடைவெளியைத் தின்கிறது. சிகிச்சை வேறுபடுவதால் இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

என் மேசையில் இது எப்படித் தெரியும் என்றால், "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்த அட்டையைக் காட்டி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வோம். அறுவைக்கு முன் தடுமாறி, "சி... இல்லை, பச்சை" என்று திருத்திக்கொண்டவர், கருவி பொருத்திய பிறகு கடகடவென்று "சிவப்பு, நீலம்" என்று படித்துக்கொண்டே போவார். தப்பு என்று அவருக்கே தெரியும், வாய்தான் முந்திக்கொள்ளும்.

வீட்டில் இது வேறு உருவம் எடுக்கும். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் கடை நடத்தியவர், பத்து ரூபாய்க்குக்கூட கணக்கு எழுதுபவர். அறுவைக்குப் பிறகு கை நன்றாக வந்தது, நடை வந்தது. அடுத்த மாதமே, பார்த்த அன்றே ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். அவரை நடந்து காட்டச் சொல்லி வெளியே அழைத்துப் போன நேரம் பார்த்து, மனைவி பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். கணவர் எதிரில் அவர் வாயே திறக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். நோயாளி பொய் சொல்வதில்லை, அவருக்கு அது பிரச்சினையாகவே தெரிவதில்லை. இதே அவசரத்தில் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து விழுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை வீட்டார் சத்துக்குறைவு என்று நினைத்து டானிக் வாங்குகிறார்கள்!

இன்னொரு பக்கமும் உண்டு. அறுவைக்குப் பிறகு மாத்திரை வெகுவாகக் குறைவதால் பழைய சூதாட்டப் பழக்கம் நின்றுபோனவர்கள் நிறைய. ஆகவே இதைப் படித்துவிட்டு அறுவையே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் மாத்திரையைத் திடீரென்று வெட்டினால் எதிலும் பிடிப்பில்லாத சோர்வும், கடுமையான மனச்சோர்வும் வரலாம். முதல் வருடத்தில் தற்கொலை எண்ணத்தையும் நாங்கள் கவனித்துக் கேட்கிறோம். நீங்களும் தயங்காமல் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அப்படி ஏதாவது வாயில் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டி வாருங்கள்.

மாற்ற முடிகிற விஷயங்கள் இருக்கின்றன. அகோனிஸ்டை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். எலக்ட்ரோடில் மின்சாரம் பாயும் முனையை மாற்றி, உணர்ச்சி சார்ந்த பகுதிக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அளவையும் குறைக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதோ, ரிமோட்டில் கருவியை அணைப்பதோ வேண்டாம். உடம்பு மரக்கட்டையாக இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

புரோகிராமிங், அதாவது கருவியின் மின்அளவைச் சரிசெய்வது, நடக்கும் முதல் ஆறு மாதத்துக்கு நிலம், வீடு, கடன், ஜாமீன் கையெழுத்து எதையும் தள்ளிவையுங்கள். இதை அறுவைக்கு முன்பே, அவர் நிதானமாக இருக்கும்போது அவரிடமே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். போனில் பணம் அனுப்பும் உச்சவரம்பையும் அப்போதே குறைத்துவிடலாம், பின்னால் செய்தால் சண்டைதான் வரும். ஒவ்வொரு புரோகிராமிங்குக்கும் ஒரே வீட்டில் கூடவே இருப்பவர் வர வேண்டும். கார் ஓட்டிக்கொண்டு வரும் மருமகனுக்குப் பாதி தெரியாது. டாக்டர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள், எப்போதிலிருந்து, எந்த மாத்திரையோ அளவோ மாறிய பிறகு என்ற தேதியோடு.