ஒரு கட்டைக்கு மூன்று கம்பி

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கிளாரா ஷூமானின் பியானோ ட்ரையோ கேட்டேன். அவ்வளவு பெரிய பியானோ, பக்கத்தில் ஒரு வயலின், ஒரு செல்லோ. பியானோ மற்ற இரண்டையும் ஏன் அமுக்கிவிடவில்லை?"

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஜெர்மன் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான கிளாரா அந்த ட்ரையோவை, அதாவது மூன்று வாத்தியங்களுக்கான இசையை, 1846-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் முதலில் பியானோ மட்டும் தனியாக மெட்டை வாசிக்கிறது, அப்புறம் வயலின் அதே மெட்டை வாங்கிக்கொள்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நீண்ட ஸ்வரங்களை மட்டும் கவனியுங்கள். பியானோவில் ஸ்வரம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. வயலினிலோ நடுவில்கூட அது பெருக முடிகிறது.

காரணம் தெரிந்ததுதான். வில் கம்பியைப் பிடித்து இழுக்கிறது, கம்பி வழுக்குகிறது, வில் மறுபடி பிடிக்கிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் இது நொடிக்கு 440 தடவை நடக்கிறது. ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது. பியானோவில் சுத்தியல் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு விலகிவிடும், அப்புறம் முழுக்கச் செலவுதான்.

வெறும் செலவு என்றால் ஒலி ஒரே விகிதத்தில் அல்லவா குறைய வேண்டும்? அப்படி நடப்பதில்லை. பியானோவின் நடுப்பகுதியில் ஒரு கட்டையை அழுத்தி, விரலை எடுக்காமல் கேளுங்கள். முதலில் ஒலி மடமடவென்று இறங்கும். இதோ முடிந்துவிடும் என்று நினைக்கும்போது, மெல்லிய ஒரு இழை மட்டும் நின்று, நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த இழை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம். நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் ஒரு கட்டைக்கு ஒரு கம்பி இல்லை, மூன்று. மூன்றும் ஒரே சுருதி, சுத்தியல் மூன்றையும் சேர்த்து அடிக்கிறது, மூன்றும் ஒரே குதிரையின் மேல், அதாவது கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையின் மேல், உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குதிரை வழியாகத்தான் ஆற்றல் ஒலிப்பலகைக்குப் போய் நம் காதுக்கு வருகிறது.

ஒரே மரக்கிளையில் இரண்டு ஊஞ்சல் கட்டி ஆடியிருப்பீர்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே திசையில் சேர்ந்து ஆடினால் கிளை ஆடும். ஒருவர் முன்னால் போகும்போது மற்றவர் பின்னால் போனால், கிளை ஏறக்குறைய அசையாது. கம்பிகளும் இப்படித்தான். அடிபட்டதும் மூன்றும் ஒத்து ஆடுகின்றன, குதிரையின் மேல் விசை மூன்று மடங்கு, வெளியேறும் திறனோ ஒன்பது மடங்கு. இருப்பில் உள்ள ஆற்றல் மூன்று மடங்குதான். ஆகவே தனிக்கம்பியைவிட மூன்று மடங்கு வேகமாகக் கரைகிறது. அதுதான் முதலில் கேட்ட அந்த மடமட இறக்கம். ஆனால் மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல அடிபடுவதில்லை, சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒத்து ஆடிய பங்கெல்லாம் செலவான பிறகு மிஞ்சுவது எதிரெதிராக ஆடும் அந்தச் சின்ன வித்தியாசம் மட்டுமே. ஒரு கம்பி மேலே, இன்னொன்று கீழே. குதிரை ஏறக்குறைய அசைவதில்லை, ஆற்றல் வெளியேற வழியில்லாமல் கம்பிகளுக்குள்ளேயே தங்கி, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. (கம்பி பக்கவாட்டில் ஆடுவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.)

இதை 1977-இல் விளக்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் வைன்ரைக். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் மூன்று கம்பிகளுக்கும் இடையில் எவ்வளவு மயிரிழை விடுகிறார் என்பதைப் பொறுத்து அந்த மெல்லிய இழையின் நீளம் மாறுகிறது. அவர் காது செய்கிற வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். பியானோவின் ஒவ்வொரு ஸ்வரமும் பளிச்சென்று வந்து சட்டென்று தாழ்ந்து இடம் விடுகிறது. அந்த இடத்தில் வில் வாத்தியங்கள் நிற்கின்றன. கிளாரா காலத்து இன்னொரு பெண் இசையமைப்பாளர் ஃபேனி மெண்டல்சோனின் டி மைனர் ட்ரையோ தொடங்கும் விதத்தைக் கேளுங்கள்: பியானோ பொடிப்பொடி ஸ்வரங்களாக ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் வயலினும் செல்லோவும் சேர்ந்து நீண்ட கோடு இழுக்கும். தேய்கிற வாத்தியத்துக்கு ஓட்டம், தேயாத வாத்தியங்களுக்குக் கோடு. 1847 ஏப்ரல் 11-இல் வீட்டுக் கச்சேரியில் அதை அரங்கேற்றிய ஃபேனி, அதே ஆண்டு மே 14-இல் இறந்துபோனார். அச்சில் வந்தது 1850-இல். இப்படிப்பட்ட இசையை இத்தனை காலம் ஓரத்தில் வைத்திருந்தது அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பியானோ இன்றையது போல இல்லை. கிளாராவுக்குக் கல்யாணத்தின்போது பியானோ செய்பவரான கோன்ராட் கிராஃப் கொடுத்த பியானோ இன்றும் வியன்னாவில் இருக்கிறது: மரச்சட்டம், தோல் சுற்றிய சுத்தியல். மரச்சட்டம் இரும்புச்சட்டம் அளவுக்கு இழுவிசை தாங்காது, ஆகவே ஒலி சிறியது, தேய்வதும் சீக்கிரம். இன்றைய பெரிய கிராண்ட் பியானோவில் இதே ட்ரையோவை வாசிப்பவர் கையை அடக்கித்தான் ஆகவேண்டும்.

கம்பி எப்படி ஆடுகிறது என்பது போன்ற ஆராய்ச்சி என்றால், "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுத்தான் பணம் கொடுக்கிறோம். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். வில் படும் கம்பி எப்படி ஆடுகிறது என்று 1918-இல் எழுதினார், பியானோ சுத்தியல் அடிப்பதைப் பற்றியும் 1920-இல் எழுதினார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நம் நாட்டில் இன்னும் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிராண்ட் பியானோ இருக்கும் இடத்துக்குப் போனால், இடது பெடலை மிதித்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்துங்கள். சுத்தியல்கள் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்றில் இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்கும். அடிபடாத மூன்றாவது, குதிரை ஆட்டுவதால் தானாகவே ஆடத் தொடங்கும், அதுவும் எதிர்த்திசையில். ஆகவே முதல் ஒலி குறைந்து, அந்த மெல்லிய இழை பெருகும். பெடலோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் இது நடக்காது, அதில் அந்தப் பெடல் சுத்தியலைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி.