ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தால் கோல்ஃப் பார்க்கச் சலிக்குமா?

2025 ஜூலையில் ராயல் போர்ட்ரஷ் மைதானத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் ஓப்பன் சாம்பியன்ஷிப்பை 17 அண்டரில், 4 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். பந்தை ஒருமுறை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக்; குழிகளுக்கு நிர்ணயித்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை 'பார்', அதைவிடக் குறைவாக முடித்தால் அண்டர், கூடினால் ஓவர். அதற்கு இரண்டு மாதம் முன்பு குவெய்ல் ஹாலோவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் அவரே வென்றார், வித்தியாசம் 5. "யார் ஜெயிப்பார் என்றுதான் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கண்விழித்துப் பார்ப்பது?" என்ற பேச்சு கோல்ஃப் ரசிகர்களிடம் அடிக்கடி வருகிறது. டைகர் வுட்ஸ் காலத்திலும் இதே பேச்சு இருந்தது.

கோல்ஃப் பயிற்சி தரும் எங்களுக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒருவர் திரும்பத் திரும்ப ஜெயிப்பதால் ஆட்டம் சலிப்பதில்லை. அவர் எதனால் ஜெயிக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதால்தான் சலிக்கிறது.

போர்ட்ரஷ் கடைசி நாளையே எடுத்துக்கொள்வோம். 4 ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கி அதே 4-ல் முடித்தார் என்று லீடர்போர்டு சொல்லும். நடந்தது வேறு. 6, 7-ஆம் குழிகளில் பாரைக் காப்பாற்ற நீளமான பட்களை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனில் உருட்டி அடிக்கும் ஷாட்களை, உள்ளே போட வேண்டியிருந்தது. 8-ஆம் குழியில் பந்து ஃபேர்வே பங்கருக்குள் (கிரீனுக்குப் போகும் புல்பாதையில் உள்ள மணல் பள்ளம்) போனது. அடித்த பந்து மணலை விட்டு வெளியே வரவில்லை, முடிவில் டபுள் போகி (பாரைவிட 2 கூடுதல்). அடுத்த குழியிலேயே பர்டி (பாரைவிட 1 குறைவு) போட்டார். அந்த நான்கு குழிகளில் ஒரு பட் வெளியே போயிருந்தால் அன்றைய மாலை எப்படி முடிந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைப் பார்க்காமல் டிவியை அணைத்தவர்களுக்கு வித்தியாசம் 4 என்ற எண் மட்டும்தான் மிச்சம்.

கோல்ஃபில் 'ஆதிக்கம்' எவ்வளவு மெலிதானது என்பதற்கு ஒரு கணக்கு. வுட்ஸின் உச்ச ஆண்டு 2000. அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 20 போட்டி ஆடி 9-ல் ஜெயித்தார். ஷெஃப்லர் 2024-ல் 19-ல் 7. உச்சத்தில் இருப்பவரே பாதிக்கு மேற்பட்ட வாரங்களில் வெறுங்கையோடு திரும்புகிறார். பெண்கள் ஆட்டத்தில் நெல்லி கோர்டா 2024-ல் அடுத்தடுத்து ஆடிய 5 போட்டிகளை வென்றார், ஆண்டு முழுவதற்கும் 7 வெற்றி. 2025-ல் அவருக்குப் பெண்கள் டூரான எல்பிஜிஏவில் ஒரு வெற்றிகூட இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு தொடங்கி 72 குழி வரை நீளும் போட்டியில், காற்று ஒரு கணம் திரும்பினாலோ பந்து குழியின் விளிம்பைத் தொட்டு வெளியே வந்தாலோ, நான்கு நாள் உழைப்பு கைமாறிவிடும்.

அப்படியானால் ஷெஃப்லரின் ஆட்டம் ஏன் பலருக்கு உப்புச்சப்பில்லாமல் தெரிகிறது? அவருடைய பலம் ட்ரைவர் (முதல் ஷாட்டை நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) தூரத்திலோ பட்டிங்கிலோ இல்லை. கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டில் இருக்கிறது. 2023-ல் பட்டிங் தரவரிசையில் 150-க்கும் கீழே கிடந்தவர், அந்த ஆண்டிலேயே உலகின் முதல் இடத்தைப் பிடித்து நிலைத்தார். அப்ரோச் ஷாட்டின் அருமை, பந்து எங்கே விழுந்தது என்பதில் பாதிதான். எங்கே விழக் கூடாது என்று அவர் முடிவு செய்தார் என்பதில் மீதிப் பாதி.

பின் (குழியைக் காட்டும் கொடிக்கம்பு) கிரீனின் வலது ஓரத்திலிருந்து 4 கஜத்தில் இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் பங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னை நேராகக் குறிவைக்கிறவர் நன்றாக அடித்தால் 6 அடியில் நிற்பார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதே ஷாட் 5 கஜம் வலப்பக்கம் விலகினால் பந்து மணலில் கிடக்கும். பங்கருக்கும் பின்னுக்கும் நடுவே பந்து விழுந்து உருண்டு நிற்க இடமே இருக்காது. பெரும்பாலும் போகிதான். ஷெஃப்லர் போன்றவர் பின்னுக்கு 6, 7 கஜம் இடப்பக்கம் குறிவைப்பார். விலகல் எந்தப் பக்கம் போனாலும் பந்து கிரீனில்தான் நிற்கும். 20 அடி பட், பார், அடுத்த குழி. திரையில் அது சாதாரணமாகத் தெரியும். 18 குழிகளிலும் இந்தக் கணக்கைத் தவறாமல் செய்பவரை மற்றவர்களால் பிடிக்க முடிவதில்லை.

ஆகவே அடுத்த முறை பார்க்கும்போது, ஆட்டக்காரர் கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மூன்றைக் கவனியுங்கள்: பின் எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறது, அந்த ஓரத்துக்கு வெளியே என்ன ஆபத்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது. பந்து எங்கே போக வேண்டும் என்று நீங்களே மனதில் ஒரு இடம் குறித்துக்கொள்ளுங்கள். பந்து தரையிறங்கியதும் இரண்டையும் ஒப்பிடுங்கள். சில குழிகளிலேயே கண் பழகிவிடும். பயிற்சிக்கு வருபவர்களிடமும் இதைத்தான் செய்யச் சொல்கிறோம். அவர்கள் பார்க்கும் விதம் மாறுவதோடு, சொந்த ஆட்டத்திலும் குறிவைக்கும் இடம் மாறிவிடுகிறது.

பட்டிங்குக்கு நான்கு எண்கள் போதும். டூர் ஆட்டக்காரர்கள் சராசரியாக 5 அடியிலிருந்து நூற்றுக்கு 77 பட்களை உள்ளே போடுகிறார்கள், 8 அடியிலிருந்து 50, 10 அடியிலிருந்து 40, 20 அடியிலிருந்து 15. 8 அடி பட்டைத் தவறவிட்டவரைப் பார்த்து 'பதறிவிட்டார்' என்று வர்ணனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். உலகின் மிகச் சிறந்தவர்களுக்கே அது பூவா தலையா. 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்' என்ற அளவீடும் இதிலிருந்து வருவதுதான். 8 அடியிலிருந்து குழியை முடிக்கச் சராசரியாக 1.5 ஸ்ட்ரோக் ஆகும். ஒன்றிலேயே முடித்தால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டானால் அரை நஷ்டம். ட்ரைவ், அப்ரோச், கிரீனைச் சுற்றிய ஷாட்கள், பட்டிங் என நான்கு பிரிவிலும் இப்படிக் கணக்கிட்டு டூர் வெளியிடுகிறது. முன்னிலையில் இருப்பவர் எங்கே சம்பாதித்தார், எங்கே இழந்துகொண்டிருக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். லாபம் முழுக்கப் பட்டிங்கில் வந்திருந்தால் அந்த முன்னிலையை நம்ப முடியாது. பட்டிங் ஒரே நாளில் கைவிடக்கூடியது.

ஆதிக்கத்தால் கெடுதலே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வுட்ஸ் கலந்துகொண்ட போட்டிகளில் மற்றவர்கள் முதல் சுற்றில் சராசரியாக 0.2 ஸ்ட்ரோக் மோசமாக ஆடினார்கள் என்று பொருளியல் ஆய்வாளர் ஜெனிஃபர் பிரவுன் கணக்கிட்டார். வேறு ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் இன்னொரு கெடுதல் கண்ணெதிரே நடந்தது. அது வுட்ஸ் செய்ததும் இல்லை.

ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் ஒன்று மாஸ்டர்ஸ். 1997-ல் அதை 21 வயது வுட்ஸ் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 2001-ல் மீண்டும் வென்றார். அதன்பின் அந்தப் போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கிளப் தன் மைதானத்தை 6,985 கஜத்திலிருந்து 7,270 கஜமாக நீட்டியது. 18-ஆம் குழி மட்டுமே 60 கஜம் நீண்டு 465 ஆனது. பிறகு 2006-ல் மொத்தம் 7,445. நீளத்தைக் கூட்டினால் முதலில் அடிபடுவது குறைந்த தூரம் அடிப்பவர்கள். வுட்ஸ் 9-அயர்ன் எடுக்கும் இடத்தில் அவர்கள் 5-அயர்ன் (அதிக தூரம் போகும், துல்லியம் குறைந்த கிளப்) எடுக்க நேர்கிறது. வுட்ஸ் 2002-லும் 2005-லும் மறுபடி ஜெயித்தார்.

போட்டியைத் திறந்துவிடுவது நீளம் அல்ல, கெட்டியான கிரீன்களும் காற்றும் பின் வைக்கும் இடமும்தான். குளிரும் காற்றும் நிறைந்த 2007 மாஸ்டர்ஸில் சாக் ஜான்சன் நான்கு நாளும் பார்-5 குழிகளில் 16 முறையும் இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குப் போகாமல் முன்னால் நிறுத்தினார். மூன்றாவது ஷாட்டைக் குறுந்தூரக் கிளப்பான வெட்ஜால் அடித்து அந்தக் குழிகளில் மட்டும் 11 அண்டர் எடுத்தார். மொத்தம் 289, அதாவது 1 ஓவர், வெற்றி. ஆதிக்கத்தை உடைக்க விரும்பும் அமைப்பாளர்கள் படிக்க வேண்டிய ஸ்கோர்கார்டு இதுதான்.

வலுவான சாம்பியன் இருந்தால்தான் சில ஆட்டக்காரர்களை உலகமே அறிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2000 யு.எஸ். ஓப்பனைப் பெப்பிள் பீச்சில் 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வுட்ஸ் வென்ற இரண்டே மாதத்தில், வல்ஹல்லாவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் பாப் மே அவரை கடைசிக் குழி வரை துரத்தினார். இருவரும் 18 அண்டர். சமநிலையை உடைக்கும் மூன்று குழி பிளேஆஃபில் ஒரே ஸ்ட்ரோக்கில் மே தோற்றார். பிஜிஏ டூரில் ஒருமுறைகூட ஜெயிக்காத அவர் பெயர் இன்றும் நினைவில் நிற்க அந்த ஒரு மாலைதான் காரணம். 2008 யு.எஸ். ஓப்பனில் டோரி பைன்ஸில் வுட்ஸை 91 குழி வரை இழுத்த ராக்கோ மீடியேட்டும் அப்படித்தான். கடைசி நாள் முன்னிலையோடு தொடங்கிய 14 மேஜர்களில் தோற்றே இராத வுட்ஸை 2009-ல் ஹேஸல்டைனில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் வென்றார் ஒய்.இ. யாங். அந்த 14 இல்லாமல் யாங்கின் வெற்றிக்கு அவ்வளவு எடை ஏது? 2008 பிற்பாதியில் முழங்கால் சிகிச்சையால் வுட்ஸ் ஆடாதபோது அமெரிக்க டிவி பார்வையாளர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஞாயிறன்று முன்னிலை உண்மையிலேயே 6, 7 ஸ்ட்ரோக் ஆகிவிட்டால் கண்ணை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துங்கள். வழக்கமான டூர் போட்டியில் இரண்டாம் இடத்துக்குப் பரிசுத் தொகையில் 10.9%, மூன்றாம் இடத்துக்கு 6.9%. மொத்தம் 80 லட்சம் டாலர் என்றால் அந்த ஒரு படிக்கு 3,20,000 டாலர். அடுத்த ஆண்டு டூரில் ஆடும் உரிமையான டூர் கார்டு ஊசலாடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் கடைசிக் குழியில் நிற்கும் 6 அடி பட், சாம்பியனின் எந்தப் பட்டையும்விடக் கனமானது. டிவி அதைக் காட்டாமல் போகலாம். மாஸ்டர்ஸ் செயலியில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வொரு ஷாட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமையை விடாதீர்கள். 36 குழி முடிந்ததும் மாஸ்டர்ஸில் முதல் 50 இடம், யு.எஸ். ஓப்பனில் 60, ஓப்பனிலும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலும் 70, அந்தந்த இடத்தில் சமமாக நிற்பவர்களும் சேர்த்து, மட்டுமே மேலே போகிறார்கள். மீதிப் பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான். முன்னிலையில் யார் இருந்தாலும் அந்தக் கோட்டில் நடக்கும் சண்டை மாறாது. மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்று நம் நேரப்படி திங்கள் அதிகாலை 4.30 வாக்கில் முடியும், அதற்குத் தூக்கத்தைக் கெடுக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் நடக்கும் ஓப்பன் இரவு 11 மணிக்கெல்லாம் முடிந்துவிடும். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஜூலை மாத ஓப்பனின் வெள்ளி மாலையிலிருந்து தொடங்கலாம்.