போகிற டிக்கெட் மலிவுதான், திரும்பி வர என்ன வைத்திருக்கிறீர்கள்?

திங்கள்கிழமை காலை அலுவலகக் கணினியைத் திறந்தால் மொராக்கோவின் மராகேஷ் விமான நிலையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். "அக்கா, போர்டிங் பாஸ் தர மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது பேச முடியுமா?"

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீண்ட வார இறுதி முடிந்து வரும் திங்களில் இப்படி ஒன்று வராவிட்டால்தான் ஆச்சரியம். மலிவு டிக்கெட்டில் இன்னொரு கண்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு தடவை இஸ்தான்புல், ஒரு தடவை துனிஸ் என்று ஊர் மட்டும் மாறும்.

இந்த முறை எழுதிய தம்பி, முதுகலை முதலாண்டு. இந்தியாவில் வாங்கி வந்த டி விசாவின், அதாவது நீண்ட காலம் தங்குவதற்கான நுழைவு விசாவின், காலம் முடிந்துவிட்டது. முடியும் முன்பே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டார், அது சரி. ஆனால் கார்டு இன்னும் வரவில்லை. கையில் இருந்தது 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று தானாக வரும் மின்னஞ்சலின் பிரின்ட் அவுட். அதை நம்பி ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார். இப்போது ரபாத்தில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு நுழைவு விசா கேட்டு நிற்க வேண்டும். வியாழக்கிழமை அவருக்குப் பரீட்சை.

நான் யாரிடம் பேசுவது? விமான நிறுவனம் பல்கலைக்கழகத்தின் பேச்சைக் கேட்காது, கேட்கவும் முடியாது. சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம், போதாததற்கு அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடும் செலவும் அவர்கள் தலையில். கவுண்டரில் இருப்பவர் போலீஸைவிடக் கறாராக இருப்பது அதனால்தான். அவரிடம் அழுது பயனில்லை.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போகும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?" இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் ஜெர்மனியிலிருந்து மொராக்கோவுக்குக் கிளம்பும்போது விமான நிறுவனம் பார்ப்பது, மொராக்கோ உங்களை உள்ளே விடுமா என்பதை மட்டும். ஜெர்மனி திரும்ப விடுமா என்பது அந்த நேரத்தில் அவர்கள் கவலை இல்லை. எல்லைப் போலீஸும் நீங்கள் வெளியேறுவதைத் தடுக்கப் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை. திரும்பி வரும்போதுதான் கேள்வி புரளும்: ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே எல்லை விதியில் இணைந்த ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழைய இன்றைய தேதியில் செல்லுபடியாகும் விசாவோ கார்டோ இருக்கிறதா? படிக்கும் இடம், வாடகை வீடு, வங்கிக் கணக்கு, கட்டிய செமஸ்டர் கட்டணம் எதுவும் இதற்குப் பதில் ஆகாது. ஜெர்மனிக்குள் தங்கியிருக்க உங்களுக்கு இருக்கும் உரிமை வேறு, வெளியே போய்விட்டு மறுபடி நுழையும் உரிமை வேறு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முதலாவது பெரும்பாலும் உண்டு. இரண்டாவது, கையில் காட்ட ஒரு தாள் இருந்தால்தான் உண்டு.

அந்தத் தாளின் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். நம் பிள்ளைகள் வாயில் 'ஃபிக்ஷன் சர்டிபிகேட்'. வெளிநாட்டவர் அலுவலகம் தருவது, மடித்துக் கொடுப்பார்கள். அதைத் திறந்து உள்ளே பாருங்கள், மூன்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்று இருக்கும் கட்டத்தில் குறி இருந்தால், பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள். பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டித் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவின் கட்டங்களில் குறி இருந்தால் உள்ளே இருக்கலாம், வெளியே போனால் திரும்ப முடியாது. விசா காலாவதியான பிறகு ஆடி அசைந்து விண்ணப்பித்தவர்களுக்கு அந்த நல்ல கட்டம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சீனியர் அண்ணன் ஒருவர் இதே தாளோடு துருக்கி போய் வந்தார் என்பது உங்களுக்கு ஆதாரமல்ல. அவர் தாளில் எந்தக் கட்டம் என்று கேட்டீர்களா?

சரியான கட்டமே இருந்தாலும் என் அறிவுரை ஒன்றுதான்: கார்டு வரும்வரை ஷெங்கனைத் தாண்டாதீர்கள். ஜெர்மன் எல்லைப் போலீஸுக்கு அந்தத் தாள் தெரியும். மொராக்கோவின் ஃபெஸ் விமான நிலையத்துக் கவுண்டரில் ஞாயிறு இரவு பணியில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று எந்த நம்பிக்கையில் போகிறீர்கள்?

பக்கத்து நாடுகளில் படிப்பவர்களுக்கும் இதே தலைவலி வேறு வடிவத்தில் உண்டு. பிரான்ஸில் மாணவர் விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு வெளியே போனால் திரும்பும் வாசல் அடைபட்டுவிடும். இத்தாலியில் தபால் நிலைய ரசீதை வைத்துக்கொண்டு போய் வரலாம்தான், ஆனால் வேறு ஷெங்கன் நாட்டைத் தொடாமல் நேரே இத்தாலிக்கு வந்து இறங்க வேண்டும். பார்சிலோனா வழியாக இருபது யூரோ குறைகிறது என்று அந்த டிக்கெட்டை எடுத்தால் வினைதான்.

சரி, கார்டு கையில் இருக்கிறது. தாராளமாகப் போங்கள், நான் ஒன்றும் வீட்டில் பூட்டி வைக்கும் ஆள் இல்லை. ஆனால் அந்தக் கார்டு மொராக்கோவுக்கு விசா ஆகாது. "ஷெங்கன் கார்டு இருந்தால் எங்கும் போகலாம்" என்ற வாட்ஸ்அப் ஞானம் ஷெங்கன் நாடுகளோடு முடிந்துவிடுகிறது. வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து டிக்கெட் போடுவார்கள், நான்கு பேர் ஐரோப்பியர்கள், அவர்களுக்கு மொராக்கோவில் விசாவே வேண்டாம். ஐந்தாவது ஆள் நம் பிள்ளை. கூட்டத்தோடு கூட்டமாகப் பணத்தைக் கட்டிவிட்டு வியாழக்கிழமை என்னிடம் வருவார். மொராக்கோவின் மின்விசா இணையத்திலேயே கிடைக்கும். சாதாரண வழியில் 770 திர்ஹம், அவசரம் என்றால் 1,100. யூரோவில் எழுபதுக்கும் மேல். விமான டிக்கெட்டைவிட விசாவின் விலை அதிகமாக இருக்கும் பயணத்தை 'மலிவு' என்று சொல்லாதீர்கள். அவசர வழியும் வேலை நாட்களைத்தான் எண்ணும்.

இஸ்தான்புல் இன்னும் எளிது. ஷெங்கன் குடியிருப்புக் கார்டு வைத்திருக்கும் இந்தியருக்குத் துருக்கி மின்விசா தருகிறது. கார்டு நுழையும் நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும். அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே சாயலில் தளம் நடத்தி இரண்டு மடங்கு பணம் கறப்பவர்கள் நிறைய. மலிவு விமானங்கள் பல இறங்கும் சபிஹா கோக்சென் விமான நிலையம் ஆசியப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து மெட்ரோவில் காடிக்கொய் போய், படகில் ஐரோப்பியக் கரையைத் தொட்டுவிட்டு வரலாம். இரண்டு நாளுக்கு இது போதாதா?

இன்னொரு கண்டம் என்று காலால் மிதித்துச் சொல்ல வேண்டும், விசாச் செலவும் கூடாது என்றால் சியூட்டா இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஸ்பெயின் ஊர், தென் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் படகு. திரும்பும்போது ஆவணம் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டும் கார்டும் கட்டாயம். கனரித் தீவுகளும் புவியியல்படி ஆப்பிரிக்காதான், ஷெங்கனுக்குள்தான்.

அப்புறம் பணக் கணக்கு. 'ஃபிராங்க்ஃபர்ட் ஹான்' விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'மியூனிக்' என்று ஆசை காட்டும் மெம்மிங்கனும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு நள்ளிரவில் அங்கே இறங்கினால் கடைசிப் பேருந்து போயிருக்கும், டாக்ஸிக்காரர் கேட்பது உங்கள் மொத்தப் பயணச் செலவு. டிக்கெட் எடுக்கும் முன் திரும்பும் விமானம் தரையிறங்கும் நேரத்தையும் பேருந்து அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களை மலிவு விமான நிறுவனங்கள் சில ஆவணச் சரிபார்ப்புக்குக் கவுண்டருக்கு வரச் சொல்லும். மொபைலில் போர்டிங் பாஸ் வந்துவிட்டது என்று நேரே பாதுகாப்புச் சோதனைக்கு ஓடாதீர்கள்.

மொராக்கோவின் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். ரமலான் மாதத்தில் அங்கே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மொபைல் தானாக மாற்றிக்கொள்ளும், சில நேரம் மாற்றிக்கொள்ளாது. பல உணவகங்கள் பகலில் மூடியிருக்கும் என்பதும் அந்த மாதத்து விஷயம்தான்.

ஐரோப்பிய ரோமிங் சலுகை அங்கே செல்லாது. டேட்டாவை அணைக்காமல் ரீல்ஸ் பார்த்தால் பில் வரும்போது தெரியும். ஐரோப்பியக் காப்பீட்டு அட்டையும் அப்படியே. ஆண்டுக்குப் பத்திருபது யூரோவுக்கு வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது, தயவுசெய்து எடுங்கள். இதை மட்டும் திட்டாமல் கெஞ்சிக் கேட்கிறேன். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், மொராக்கோ சுங்கத்தில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். திர்ஹத்தை 2,000-க்கு மேல் வெளியே எடுத்து வரக் கூடாது.

ஷெங்கன் எல்லையில் வந்திருக்கும் புதிய கைரேகைப் பதிவு, சுற்றுலாப் பயணிகளைப் போன்ற குறுகிய காலத்தவர்களுக்கானது. குடியிருப்புக் கார்டு உள்ளவருக்கு அது வேண்டாம். கும்பலோடு இயந்திர வரிசையில் நிற்காமல் கார்டை முதலிலேயே எடுத்து நீட்டுங்கள். இல்லையென்றால் 90 நாள் விருந்தாளியாகப் பதிவாகி, அதைத் திருத்தக் கடிதம் எழுத வேண்டியது நான்தான்.

திட்டமிடும்போது எங்களுக்கு எழுதுங்கள், பணம் கட்டும் முன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கார்டின் இரண்டு பக்கமும், ஃபிக்ஷன் தாள் இருந்தால் அந்தக் கட்டங்கள் உள்ள பக்கமும் படமெடுத்து அனுப்பினால் போதும், பதில் போட எனக்கு ஐந்து நிமிடம். சமீபத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் அதையும் சொல்லுங்கள், கார்டில் இருப்பது பழைய எண்ணாக இருக்கும். கார்டை மாற்றும்வரை இரண்டு பாஸ்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.